கழுவிக் கொடுத்த பென் டிரைவ்

இலவசமாக வரும் பொருளை எப்படி வாங்குவது என்று எங்கள் மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தல் போடுவார்கள். மைக் வைப்பார்கள். வருகிறவர் சொன்ன நேரத்துக்கு வராமல் வெயில் ஏறிய பிறகு வருவார். பேர் கூப்பிட்டதும் மேடைக்குப் போய், பொருளின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்க்க வேண்டும். டிவி, மின்விசிறி, மிக்சி, ஆடு, மடிக்கணினி எல்லாமே எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வந்தன. ஆடு மட்டும் கேமராவைப் பார்க்க மறுத்தது. அதனால், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடுகிற லினக்ஸ் என்று ஒன்று உலகத்துக்கே இலவசம், பந்தலும் கிடையாது மைக்கும் கிடையாது என்று என் மகள் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொடுக்கிறவர் படம் போடாத இலவசத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகிற வழியில், பஸ் நிற்கிற இடத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், போன் ரீசார்ஜ். நான் பன்னிரண்டாவது முடித்து, கீழே கண்ணமங்கலத்தில் சித்தி வீட்டில் தங்கிக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். அந்தத் தகுதியில் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் டாக்டர் நான்தான். எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஆஃப் செய்து ஆன் செய்வேன். பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும். தீராததை வாணியம்பாடிக்கு அனுப்பிவிடுவேன்.

என் மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதற்கான படிப்பை முடித்துவிட்டு, என் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை. கடைசியில் ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனை அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. கூப்பிட்டது என்றால் அங்கே வரச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கேமரா உள்ள கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னது. போனில் கூடாது, நடுவில் ஒரு தேர்வும் உண்டு என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். அதை அவள் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். இந்த வேலை அவளுக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

கடையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கேமரா கிடையாது. இருந்தாலும் பயனில்லை. வீடியோ என்று சொன்னாலே அது உட்கார்ந்துவிடும். வீட்டில் இருந்தது அவளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச மடிக்கணினி. புதன்கிழமை அதைத் திறந்து ஆன் செய்தாள். நீலத் திரை வந்தது. தானே அணைந்தது. தானே எழுந்தது. மறுபடியும் நீலத் திரை. நான் ஆஃப் செய்து ஆன் செய்தேன். அத்தோடு என் வைத்தியம் முடிந்தது.

மறுநாள் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினேன். அங்கே பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி விற்கிற, பழுதும் பார்க்கிற பாய் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். அவர் மூடியைத் திறந்து இரண்டு சாவியைத் தட்டிப் பார்த்தார்.

“மெஷின் நல்லாத்தான் கீதும்மா. உள்ள போட்ட விண்டோஸ்தான் கெட்டுப்போச்சு. வேற போடணும். ஒரிஜினல் வேணுமா, நம்ம ஒரிஜினல் வேணுமா?”

நம்ம ஒரிஜினல் என்றால் காசு கொடுக்காமல் எடுத்த காப்பி என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நிஜ ஒரிஜினலின் விலைக்கு ஓர் ஆடு வாங்கலாம். இத்தனை நாளும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நம்ம ஒரிஜினல்தான். எதுவாக இருந்தாலும் போடுங்கள், திங்கட்கிழமை நேர்காணல் என்றேன். அவர் கையை விரித்தார்.

“நாளையிலேர்ந்து கடை லீவும்மா. தங்கச்சி பொண்ணு கல்யாணம். செவ்வாய்க்கிழமைதான் தொறப்பேன். அவசரம்னா லினக்ஸ் போட்டுக்குங்க. சொம்மாவே கெடைக்குது. உங்க பொண்ணே போட்டுடும்.”

“சொம்மா கெடைக்கறத நீங்க ஏன் பாய் யாருக்கும் போட்டுக் குடுக்கறதில்ல?”

“யாரும் கேக்கறதில்லம்மா. கேட்டாலும், சொம்மா வர்றதுக்கு உனுக்கு எதுக்கு கூலின்னு சண்டைக்கு வர்றாங்க.”

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. பள்ளியில் கொடுக்கும்போதே அந்த மடிக்கணினியில் லினக்ஸும் இருந்ததாம். ஆன் செய்தால் இது வேண்டுமா அது வேண்டுமா என்று கேட்குமாம். தினமும் கேட்கிறதே, நமக்குப் பதில் சொல்கிற வேலை எதற்கு என்று என் வீட்டுக்காரர்தான் கடைக்குக் கொண்டுபோய், காசு கொடுத்து அதை எடுக்க வைத்திருக்கிறார். நம்ம ஒரிஜினல் உள்ளே வந்ததும் அப்போதுதான். ஒரே பொருளை இலவசமாக வாங்கி, காசு கொடுத்து நீக்கி, மறுபடியும் இலவசமாக வாங்க அலைகிற குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அவரைக் கேட்டேன். “எடம் அடைச்சிக்கினு இருந்தது” என்றார்.

இறக்குவதற்கு நெட் வேண்டும். கடைக்கு வந்த கம்பி நெட் ஆடி மழையில் அறுந்தது அறுந்ததுதான். போன் நெட் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. லினக்ஸோ மூன்று ஜிபி. வியாழக்கிழமை சாயங்காலம் கடைக் கம்ப்யூட்டரில் இறக்க ஆரம்பித்தோம். பாதியில் நெட் தீர்ந்தது. மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று பார்த்தால், முதலிலிருந்து வா என்றது. உலகத்துக்கே இலவசம்தான், மலைக்கு வருகிற வழிதான் அதற்குத் தெரியவில்லை.

காவலூரில் வானாய்வுக் கூடத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிற ஒருவர் என் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். வெள்ளிக்கிழமை ஒரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு, கூடவே இரண்டு படி சாமை அரிசியையும் கட்டிக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் சாமை என்றால், எங்கள் மலையில் ஒருவர் வீட்டுக்கு வெறும் பாத்திரத்தை நீட்டும் பழக்கம் இல்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் பழக்கமும் இல்லை. கழுவித் துடைத்து, உள்ளே ஏதாவது போட்டுத்தான் தருவார்கள். ஒரு பிடி சாமையோ, ஓர் உருண்டை புளியோ, ஒன்றுமே இல்லையென்றால் ஒரு வாழைப்பழமோ. வெறும் பாத்திரம் திரும்பி வந்தால் வருத்தம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் சிரித்துக்கொண்டே பென் டிரைவை வாங்கித் தன் மடிக்கணினியில் செருகினார்.

“கோப்ப சும்மா காப்பி பண்ணா ஓடாதுங்க. இதுக்குன்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு. அதுல எழுதிக் குடுத்துடறேன். லேப்டாப் ஆன் ஆகும்போது எஃப் ட்வெல்வ் சாவிய விடாம தட்டச் சொல்லுங்க. பென் டிரைவ்லேர்ந்து எழுந்துக்கும்.”

“எவ்ளோ ஆவுதுங்க?”

“ஒண்ணுமில்லைங்க. யாருக்கு வேணும்னாலும் போட்டுக் குடுங்க.”

“இத செஞ்சவங்களுக்கு நாம இன்னா தரணும்?”

“அவங்களும் கேக்கறதில்லைங்க.”

எனக்கு இது சரியாகப் படவில்லை. முகம் தெரியாதவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது. சாமையையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். வெளியே நின்ற அவர் பைக்கில் மாட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. மடிக்கணினியின் பேட்டரி என்றோ செத்துவிட்டது, கம்பியில் மாட்டினால்தான் உயிர். சனிக்கிழமை மத்தியானம் கடையை மூடிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று மகள் பென் டிரைவைச் சாமி மாடத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாமி மாடத்தில் சாமி மட்டும் இருந்தது.

“அக்கா வந்து கேட்டுது, குடுத்தேன்” என்றார் என் வீட்டுக்காரர். “அதுல ஒண்ணியும் இல்லியே. டிவில செருகிப் பாத்தேன். ஒரு படமும் இல்ல, பாட்டும் இல்ல. என்னமோ கண்ட கண்ட பேர்ல குப்பதான் கீது.”

அவருடைய அக்கா, என் நாத்தனார், எங்கள் ஊரில் சுத்தத்துக்குப் பேர்போனவர். அவர் வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் திரும்பி வரும்போது நமக்கே அடையாளம் தெரியாது. அடியில் பிடித்திருந்த பத்து வருடக் கரியைக்கூடச் சுரண்டி எடுத்திருப்பார். நம் வீட்டில் நாம் தேய்க்காமல் வைத்திருந்தோம் என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி அது பளபளக்கும். அதனால் அவருக்கு இரவல் கொடுக்கப் பலருக்கும் பயம். எனக்கும் உண்டு.

சாயங்காலம் அவரே வந்தார். பென் டிரைவை ஒரு வெற்றிலையில் வைத்து நீட்டினார். அவருடைய இளைய பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா முடிந்து ஆறு மாதமாகியும் ஸ்டூடியோக்காரர் வீடியோவைத் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். பென் டிரைவ் கொண்டுவந்தால் உடனே தருகிறேன் என்று அன்று சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் இரவல்.

“ரொம்ப நன்றிம்மா. அவரு செருகினதும் கம்ப்யூட்டர்ல என்னமோ எழுந்து, இத படிக்க முடியல, அழிக்கட்டுமான்னு கேட்டுதாம். ஏதோ அழுக்கு கீது போல, நல்லா கழுவிட்டே போடுங்கன்னேன். வூட்டுக்குப் போயி டிவில போட்டு எல்லாரும் பாத்தோம். உனுக்கும் வேணும்ல, அதனால படத்த எடுக்காம அப்டியே உட்டுட்டேன். வெறுமையா திருப்பிக் குடுக்கறதா?”

என் மகள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? இரவல் வாங்கினார், கழுவினார், நிரப்பினார், அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார், அதுவும் வெற்றிலையில் வைத்து. எங்கள் மலையில் இரவல் வாங்கியவர் செய்யவேண்டியது அத்தனையையும் அவர் ஒன்று விடாமல் செய்திருந்தார். குறை சொல்ல இடமே வைக்காத மனிதர்களிடம் மாட்டிக்கொள்வது போன்ற கொடுமை வேறில்லை. “ஏன் அண்ணி, கழுவறதுக்கு முன்னாடி உள்ள இன்னா கீதுன்னு பாக்கறதில்லையா?” என்று மட்டும் கேட்டேன்.

“கழுவாத பாத்திரத்த திருப்பிக் குடுக்க நான் இன்னா அப்டிப்பட்டவளா?” என்றார் அவர். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. மகள்தான் அழுதுகொண்டே, அதில் என்ன இருந்தது, அது எதற்கு, திங்கட்கிழமை என்ன என்று விளக்கினாள். நாத்தனார் முகம் சுருங்கியது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். காவலூர்க்காரருக்குப் போன் செய்தேன். அவர் ஊருக்குக் கிளம்பி, பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். உலகத்தில் எல்லோருக்கும் செவ்வாய்க்கிழமை சௌகரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மகளும் கடையில் உட்கார்ந்திருந்தோம். என் போனில் ஒன்றரை ஜிபி, அவள் போனில் ஒன்றரை. டோரண்ட் என்று ஒரு வழி இருக்கிறது, அதில் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். லினக்ஸ் செய்கிறவர்களே அந்த வழியிலும் கொடுக்கிறார்களாம். டோரண்ட் என்றால் திருட்டுப் படம் பார்க்கிற வழி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். இறக்க ஆரம்பித்தோம். இரண்டு போனும் தீர்ந்தபோது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நேற்றே என் போனில் பாதி நெட்டை விண்ணப்பங்களுக்குச் செலவழிக்காமல் இருந்திருந்தாலும் பயனில்லை, மிச்சத்தை மறுநாளைக்குச் சேர்த்துவைக்க விடமாட்டார்கள்.

அப்போது நாத்தனார் வந்தார். கையில் சாமை புடைக்கிற முறம். முறத்தில் வரிசையாகப் போன்கள். அவருடையது, அவர் வீட்டுக்காரருடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது, பால் ஊற்றுகிறவருடையது, பூசாரியுடையதுகூட இருந்தது.

“எல்லாம் இன்னிக்கு நெட்டு. ராத்திரி ஆனா வீணாத்தான் பூடும். எதுல எவ்ளோ வேணுமோ எடுத்துக்க.”

“இவ்ளோ வேணாம் அண்ணி. ஒண்ணு இருந்தா போதும்.”

“கொண்டாந்துட்டேன். திருப்பி எடுத்துக்கினு போவணுமா?”

அவர் மனம் கோணாமல் இருக்க, ஒவ்வொரு போனிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தோம். கடைசித் துளி பூசாரி போனிலிருந்து வந்தது. ‘நிறைவடைந்தது’ என்று திரையில் வந்ததும் நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இனி அதைப் பென் டிரைவில் எழுத வேண்டும். எழுதும் மென்பொருள் எச்சரித்தது: இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா? இதில் இருப்பது நாத்தனார் வீட்டு மஞ்சள் நீராட்டு. உங்களிடம் வேறு காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஸ்டூடியோக்காரர் கையோடு அழித்துவிட்டார், டிவியிலும் பென் டிரைவைச் செருகித்தான் பார்த்தோம் என்றார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த நிமிடம் எனக்குள் ஓர் அற்பச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். நானும் கழுவிக் கொடுக்கட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு கேட்க மனம் வரவில்லை. வீடியோவை என் கடைக் கம்ப்யூட்டருக்கு நகர்த்திவிட்டு, அவர் கண்முன்னாலேயே திக்கித் திணறி ஓட்டிக் காட்டிய பிறகுதான் எழுத ஆரம்பித்தோம்.

மகள் மடிக்கணினியைக் கம்பியில் மாட்டி, எஃப் ட்வெல்வைத் தட்டினாள். நீலத் திரை வரவில்லை. லினக்ஸ் எழுந்தது. நிறுவாமலேயே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம் என்றது. பொருளை முதலில் ருசி பார்க்கச் சொல்கிற வியாபாரியை நான் சந்தையில் தேன் விற்கிற இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

எந்த மொழி என்று கேட்டது. பட்டியலில் தமிழும் இருந்தது. பெருமையோடு தமிழைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வந்த தமிழை மூன்று பேரும் மாறி மாறிப் படித்துப் பார்த்தோம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள் நான், ஒரு வரி விளங்கவில்லை. பேசாமல் ஆங்கிலத்துக்கே திரும்பினோம். அதுவும் எனக்குப் பாதிதான் விளங்கும், ஆனால் விளங்காமலேயே பழகிய மொழி அது.

ஊர் எது என்று கேட்டு உலகப் படத்தைக் காட்டியது. மகள் எங்கள் மலை இருக்கிற இடமாகப் பார்த்துத் தொட்டாள். கொல்கத்தா என்றது.

“ஜமுனாமரத்தூர் இல்லியா?” என்றார் நாத்தனார்.

“ரெண்டு ஊருக்கும் மணி ஒண்ணுதான் அத்த.”

அடுத்த கேள்வி எங்களை நிறுத்தியது. மடிக்கணினியின் வட்டில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு நிறுவட்டுமா? மகளின் விரல் சாவிக்கு மேலே நின்றது. நாத்தனார் அவள் கையைப் பிடித்துவிட்டார்.

“இரு. கழுவட்டுமான்னுதானே கேக்குது?”

“ஆமா அத்த.”

“உள்ள இன்னா கீதுன்னு மொதல்ல பாரு. எடுத்து வெச்சிக்கினு அப்புறம் கழுவு.”

ஒரே நாளில் எப்பேர்ப்பட்ட ஞானம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னது சரிதான். ஓட்டிப் பார்க்கிற லினக்ஸிலிருந்தே பழைய வட்டைத் திறந்து பார்க்க முடிந்தது. கல்லூரிப் பாடக் குறிப்புகள், சான்றிதழ்களின் ஸ்கேன், தோழிகளோடு எடுத்த படங்கள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. அவற்றை என் போனின் மெமரி கார்டுக்கு மாற்றினோம். பிறகு மகள் சாவியைத் தட்டினாள். ஒரு ஜெராக்ஸ் மெஷின் சூடாகிற நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், அரைமணி நேரம் ஆனது. அதற்குள் நாத்தனார் எங்கள் கடைக் கம்ப்யூட்டரின் கீபோர்டைத் துடைத்து முடித்திருந்தார்.

எல்லாம் வேலை செய்தது. வைஃபை மட்டும் எழவில்லை. அதற்கு வேறு ஏதோ இறக்க வேண்டுமாம், அதை இறக்க வைஃபை வேண்டுமாம். என் கம்ப்யூட்டர் கோர்ஸில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது. முறத்தில் இருந்த ஒரு போனைச் சார்ஜர் கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, அதன் செட்டிங்ஸில் ஒரு பொத்தானைத் தொட்டாள் மகள். நெட் வந்தது. கேமராவைத் திறந்தாள். திரையில் அவள் முகம் வந்தது, பின்னால் நான், எனக்குப் பின்னால் முறத்தோடு நாத்தனார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் வந்து எட்டிப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர்லயே பேசி வேலைக்கு எடுக்கறவங்க, கம்ப்யூட்டர்லயே வேல வாங்கிக்க மாட்டாங்களா? இங்கயே இருந்து செய்யட்டுமே.”

“ரத்தத்த நெட்ல அனுப்புவீங்களா?” என்று கேட்டேன். மகள் சிரித்தாள், நாத்தனாரும் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கடையைப் பூட்டும்போது கவனித்தேன், அப்போதும் சிரிக்காமல்தான் நின்றார்.

திங்கட்கிழமை காலை ஊரில் ஒருவரும் நெட்டைத் தொடக்கூடாது என்று நாத்தனார் உத்தரவு போட்டிருந்தார். கடைக் கதவைச் சாத்தி, மகளை உள்ளே உட்காரவைத்தோம். பத்து மணிக்குப் பஸ் வரும். வளைவில் திரும்பும்போதே ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவது அந்த டிரைவருக்கு வழக்கம். நாத்தனார் வளைவுக்கே போய் நடுரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். “உள்ள எங்க பொண்ணுக்கு இன்டர்வியூ. ஹாரன் அடிச்சே, நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வர முடியாது” என்றாராம். பஸ் சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் நின்று, சத்தமில்லாமல் போனது. ஹாரனை நம்பி டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பஸ்ஸை விட்டுவிட்டு என்னைத்தான் திட்டினார்கள்.

கதவிடுக்கில் மகளின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியாத பெண் ஒருத்தி உள்ளே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

வேலை கிடைத்தது. அடுத்த மாதம் முதல் தேதி ஓசூரில் சேர வேண்டும். இன்டர்வியூவுக்கு மலையிலேயே இருக்கலாம், வேலைக்கு மட்டும் இறங்கியாக வேண்டும். அவள் மடிக்கணினியைப் பையில் வைத்தபோது, திரும்ப ஏதாவது ஆனால் போட்டுக்கொள்கிறேன் என்று பென் டிரைவையும் எடுத்து வைத்தாள். அது என்னோட கடைப் பொருள், திருப்பிக் குடுத்துடணும் என்றேன். என்னத்தையாவது பேசவேண்டுமே என்பதற்காகப் பேசினேன். அவளை ஏற்றிக்கொண்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. வேலை கிடைக்கவேண்டும், கிடைக்கவேண்டும் என்று அந்த வாரம் முழுவதும் வாணியம்பாடிக்கும் காவலூருக்கும் ஓடினேனே தவிர, கிடைத்தால் இவள் போய்விடுவாள் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையே தோன்றியிருக்கிறது. அன்றைக்கு வீட்டில் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு பாய் அனுப்புகிற ஒன்றிரண்டு பேருக்கும், பள்ளியில் வாங்கிய மடிக்கணினியை மூலையில் போட்டு வைத்திருந்தவர்களுக்கும் நான் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். காவலூர்க்காரர் வேறொரு பென் டிரைவில் எழுதிக் கொடுத்தார். கூலி கேட்பதில்லை. ஆனால் யாரும் என்னை வெறும் கையோடு விடுவதில்லை. கடையில் புளி நிறையச் சேர்ந்துவிட்டது.

தை மாதம் ஓசூரிலிருந்து மலைக்கு வந்த ஒருவர் கையில் என் பென் டிரைவைக் கொடுத்தனுப்பியிருந்தாள் மகள். கடைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். உள்ளே நிரப்பியிருந்தாள். அவள் தங்கியிருக்கிற அறை. ஜன்னலில் காயப்போட்ட துணி. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பரிசோதனைக் கூடத்தில் நிற்கிறாள். அடுப்பில் சாமைச் சோறு வடித்து, கரண்டியில் எடுத்துக் கேமராவுக்குக் காட்டுகிறாள், குழைந்துபோயிருக்கிறது. ஒன்றில் எதுவுமே நடக்கவில்லை. அவள் என்னவோ எழுதிக்கொண்டிருக்கிறாள், கேமரா ஓடுவதை மறந்துவிட்டாள் போல. அதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கடை மூடும் நேரத்தில் என் வீட்டுக்காரரும் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். வீடியோ என்றால் உட்கார்ந்துவிடும் கம்ப்யூட்டர், விட்டு விட்டுத்தான் ஓட்டுகிறது. எங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

போன வாரம் நாத்தனார் வந்தார். அவருடைய மூத்த மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏதோ போட்டோக்கள் அனுப்ப வேண்டுமாம், பென் டிரைவ் வேண்டும் என்றார். கடையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

“புதுசு எதுக்கும்மா? அந்தப் பழசு கீதே, அதையே குடேன். நல்லா கழுவித் தர்றேன்.”

“வேணாம் அண்ணி” என்றேன். “அதுல இன்னும் சோறு கீது.”

அவர் சரி என்று தலையை ஆட்டினார். பிறகு புதுசை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார்.